மில்லின் பின்கதவால் வாங்க!

அரிசி மில்லுக்குப் போகிறவர்கள் முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அடுக்கிய மூட்டைகள், தராசு, தவிடு படிந்த தலையோடு லொறியில் ஏற்றும் தம்பிமார், மேசையில் பில் புத்தகம். எனக்கு வேண்டியது பின்பக்கம்! மோட்டர்கள் உறுமுகிற, பெல்ட்டுகள் பறக்கிற, பொயிலர் சீறுகிற அந்தப் பின்பக்கம். மாதக் கடைசியில் வரும் கரண்ட் பில் உருவாவது அங்கேதான். அதைக் குறைக்கிற வித்தைகள் இருப்பதும் அங்கேதான். வவுணதீவுப் பக்கத்து மில் ஒன்றின் பின்கதவு எனக்குத் திறந்தது. பெயர் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார் முதலாளி. மற்றதெல்லாம் எழுதலாம் என்றார். எழுதாமல் விடுவேனா!

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பு நகரிலிருந்து வலையிறவுப் பாலம் தாண்டினால் வவுணதீவு. மண்முனை மேற்குப் பிரதேச செயலகம் இருக்கும் இடம். இங்கிருந்து மேற்கே உன்னிச்சைக் குளம் வரைக்கும் வயல், வயல், இன்னும் வயல். போர்க்காலத்தில் வாவியின் மேற்குக் கரையான இந்தப் படுவான்கரையில் எத்தனையோ ஊர்களுக்குக் கரண்ட் எட்டவே இல்லை. குப்பி விளக்கில் படித்த பிள்ளைகள் இன்று அதே ஊர்களில் பெரியவர்கள். இப்போது பாருங்கள்: உயர் அழுத்தக் கம்பியில் 132 கிலோவோல்ட்டில் வரும் மின்சாரத்தை 33 கிலோவோல்ட்டுக்கு இறக்கி அனுப்பும் உபமின் நிலையம் வவுணதீவில்தான். 10 மெகாவாட் சூரிய மின் நிலையமும் வவுணதீவில்தான். கரண்ட் எட்டாத கரை கரண்ட் அனுப்புகிற கரையாகிவிட்டது! வந்து சேர்ந்த அந்தக் கரண்டை மில்காரர் என்ன செய்கிறார் என்பதே என் ஆவல்.

பின்பக்கத்துக்கு அதிபதி ஒரு பாஸ். மோட்டர் கட்டுவார், பேரிங் மாற்றுவார், பனல் திறப்பார். நடந்துகொண்டே காதால் மில்லை அளப்பார். “காதப் பொத்திட்டு வாங்க மனே,” என்று முன்னால் போனவர், இரண்டடி வைத்ததும் திரும்பி, “இல்ல, பொத்தாதீங்க. கேட்டாத்தான் விளங்கும்,” என்றார். அந்த மனிதரை அந்த நொடியே பிடித்துப்போனது.

நெல்லின் பயணத்தைப் பின்தொடர்ந்து ஓடுவோம். குழியில் கொட்டுகிறார்கள். எலிவேட்டர் வாளிகள் அதை அள்ளி மேலே கொண்டுபோகின்றன. சல்லடை கல்லையும் வைக்கோலையும் பிரிக்கிறது. பிறகு ஊறல், அவியல், காய்ச்சல். அப்புறம் உமி நீக்கம், பொலிஷ், குறுணல் பிரித்தல், கடைசியில் நிறம் பார்த்துப் பொறுக்கும் கலர் சோட்டர். ஒவ்வொரு படிக்கும் ஒரு மோட்டர், சிலதுக்கு இரண்டு. இத்தனையும் ஒரே கூரையின் கீழ் ஒரே நேரம் ஓடுகின்றன!

உமி நீக்கும் இடத்தில் என்னைப் பிடித்து நிறுத்தினார் பாஸ். மூடியைத் திறந்து காட்டினார் (மெஷினை நிறுத்திவிட்டுத்தான்). இரண்டு றப்பர் ரோலர்கள், ஒன்றையொன்று எதிர்கொண்டு. இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை என்பதுதான் சூட்சுமம்! ஒன்று மற்றதை விடக் கிட்டத்தட்டக் கால் பங்கு வேகமாகச் சுற்றும். நடுவில் அகப்பட்ட நெல்லின் ஒரு பக்கம் முந்த, மறுபக்கம் பிந்த, உமி கழன்றுவிடும். அரிசி உடைவது மிகக் குறைவு. ஒரு தடவை ஓடினால் நூற்றுக்கு 85 முதல் 90 நெல்லாவது உமி கழல வேண்டும். ரோலர் தேய்ந்து, இடைவெளி தவறினால் கழலாத நெல் கூடும். அது பிரிப்பானில் தள்ளுப்பட்டுத் திரும்பவும் அதே ரோலருக்கு வரும். இங்கேதான் விசயம்: ஒரே நெல்லுக்கு இரண்டு தடவை கரண்ட்! வேகமாகச் சுற்றும் ரோலர் அதிகமாகத் தேயும் என்பதால் இரண்டையும் இடம் மாற்றிப் போட வேண்டும். அரை மணி நேர வேலை, செலவு கிடையாது. சோம்பலில் அதைத் தள்ளிப்போட்ட மில்காரர் கரண்டாகவும் குறுணலாகவும் இரண்டு பக்கமும் இழக்கிறார்.

மில்லின் மூலையில் ஒரு பழைய இரும்பு ஹலர் துருப்பிடித்துக் கிடந்தது. இதன் பூர்வீகம் தெரியுமா? 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரேசிலில் கோப்பிக் கொட்டையின் தோல் நீக்க ஏங்கல்பேர்க் என்பவர் கண்டுபிடித்த யந்திரம், உலகமெல்லாம் போய் நெல்லுக் குத்தியது. உமி நீக்குவதும் பொலிஷ் செய்வதும் ஒரே உருளைக்குள், இரும்போடு இரும்பு உரசி. சக்தியில் ஒரு பெரிய பங்கு அரிசியை உடைப்பதிலும் சூடாக்குவதிலும் போய்விடும். ஜப்பானில் சடாகே 1896இல் நெல் யந்திரம் செய்யத் தொடங்கியதும், பிறகு றப்பர் ரோலர் வந்ததும்தான் இந்தத் தொழிலையே மாற்றின. யந்திரத்தை மாற்றினால் கரண்டும் மிச்சம், அரிசியும் மிச்சம் என்று இந்தத் தொழில் எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டது.

சரி, மோட்டர்களுக்கு வருவோம். நான் மிகவும் துள்ளிய இடம் இது! ஒவ்வொரு மோட்டரிலும் ஒரு சின்னத் தகடு ஆணியடித்திருக்கும். தவிட்டைத் துடைத்துவிட்டு வாசியுங்கள். கிலோவாட், வேகம், அப்புறம் ஐ.ஈ.1, ஐ.ஈ.2, ஐ.ஈ.3 என்று ஒரு குறி. அதுதான் மோட்டரின் திறன் தரம். எண் கூடக் கூடத் திறன் கூடும். 15 கிலோவாட் நாலு துருவ மோட்டர் ஐ.ஈ.1 ஆனால் 100 பங்கு கரண்ட் எடுத்து 88.7 பங்கை வேலையாகத் தரும். அதே அளவு ஐ.ஈ.3 ஆனால் 92.1. மூன்றரைக்கும் குறைந்த வித்தியாசம், இதிலே என்ன இருக்கிறது என்று தோன்றும். கணக்குப் போடுங்கள்! அந்த மோட்டர் முழுச் சுமையில் நாளுக்கு 10 மணி நேரம், வருடத்தில் 300 நாள் ஓடினால், பழையது எடுப்பது ஏறத்தாழ 50,700 யூனிட். புதியது எடுப்பது 48,900க்குக் கீழே. ஒரேயொரு மோட்டரில், ஒரே வருடத்தில் 1,800 யூனிட்டுக்கு மேல் மிச்சம்! இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். வருடத்துக்கு 50,000 யூனிட் குடிக்கிற சாமானை வாங்கும்போது கடையில் விலையை மட்டும் பேரம் பேசிவிட்டு வருகிறோம். மோட்டரின் விலையைப் போலப் பல மடங்கை அது தன் ஆயுளில் கரண்டாகத் தின்றுவிடும். மோட்டர் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி “எவ்வளவு கரண்ட் எடுக்கும்” என்பதுதான்.

எரிந்த மோட்டருக்குத் திரும்பத் திரும்ப வைண்டிங் கட்டுவது நம் ஊர்களில் வழக்கம். நல்ல பாஸ் கட்டினால் குற்றமில்லை. பழைய கம்பியை எடுக்க மோட்டரைக் கண்டபடி நெருப்பில் போட்டுச் சுட்டால் உள்ளிருக்கும் இரும்புத் தகடுகளின் பூச்சு கருகி, மோட்டர் முன்பை விடக் கூடுதல் கரண்ட் எடுக்கும். சத்தம் மாறாது, வேகம் மாறாது, பில் மட்டும் மாறும். “இது மூணு தரம் கட்டினது. இத இனிக் கட்டமாட்டன்,” என்று ஒரு மோட்டரைத் தட்டிக்காட்டினார் பாஸ். அதற்குப் பதிலாக வந்து கிடந்தது ஐ.ஈ.3, இன்னும் பலகைப் பெட்டிக்குள்!

இன்னொரு கூத்து: அளவுக்கு மிஞ்சின மோட்டர். எலிவேட்டருக்கு 3 குதிரைவலு போதும் என்றால், கையிருப்பில் கிடந்தது என்று 10 குதிரைவலுவைப் பூட்டிவிடுவார்கள். ஒரு மூட்டையை ஏற்ற லொறி பிடித்த மாதிரி! பாரம் குறைந்த மோட்டரின் திறனும் விழும், அதன் பவர் பக்டர் (இழுப்பதில் வேலைக்குப் போகும் பங்கு) இன்னும் மோசமாக விழும். பாஸ் கிளாம்ப் மீட்டரை வயரில் மாட்டிக் காட்டினார். தகட்டில் எழுதியிருந்த அம்பியரில் கால்வாசிகூட ஓடவில்லை. “தெரியுதா? இவர் சும்மா நிக்கிறார்,” என்றார்.

இனி நான் முழுசாகக் கிறுகிறுத்துப்போன இடம். காயவைக்கும் ட்ரையர்! அவித்த நெல் தண்ணீரில் ஊறிப் பருத்து, கிட்டத்தட்ட 35 வீத ஈரத்தோடு வெளியே வரும். அரைக்க வேண்டுமானால் 14 வீதத்துக்கு இறக்க வேண்டும். ஆயிரம் கிலோ ஈர நெல்லில் வெளியேற்ற வேண்டிய தண்ணீர் எவ்வளவு? 240 லீட்டருக்கு மேல்! ஒரு பீப்பாத் தண்ணீரை ஆவியாக்கி ஊதித் தள்ள வேண்டும். வெயில் காலத்தில் சீமெந்துக் களத்தில் கொட்டி, கால்களால் கிண்டிக் கிண்டிப் பெண்கள் காயவைப்பார்கள். அதை விடச் சிக்கனமான ட்ரையர் உலகத்தில் இல்லை, சூரியன் பில் அனுப்புவதில்லை! ஆனால் பெரும்போக அறுவடை விழும் மாசி, பங்குனியில் எதிர்பாராத மழையும் விழும். அப்போது யந்திரம்தான்.

ட்ரையரில் சூட்டை அனுப்புகிறது பெரிய புளோவர். அதன் காற்று கூடினால் முன்பெல்லாம் தகட்டைச் சரித்து வழியை மறிப்பார்கள். மோட்டர் அதே வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும், காற்று மட்டும் தகட்டில் முட்டிக்கொண்டு நிற்கும். இந்த மில்லில் மறிக்கும் தகட்டைத் திறந்தே விட்டிருக்கிறார்கள். மோட்டருக்கு முன்னால் ஒரு சாம்பல் நிறப் பெட்டி, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வேட்டர் ட்ரைவ். பாஸ் குமிழைத் திருகினார். உறுமல் மெல்ல இறங்கியது. 50 ஹேர்ட்ஸ், 47, 44, 40. வேகம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது, காற்றும் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. கரண்ட்? ஐந்தில் ஒரு பங்கு இல்லை. கிட்டத்தட்டப் பாதி! புளோவர் கேட்கும் வலு வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறி இறங்கும்: 0.8 ஐ மூன்று தடவை பெருக்கினால் 0.512. பள்ளிக்கூடக் கணக்குத்தான். ஆனால் அது கண் முன்னால் உறுமல் இறங்கி நடக்கும்போது வேறு மாதிரி இருக்கிறது. “இன்னொரு தரம் திருகுங்க அண்ணன்!” என்று கேட்டுத் திருகவைத்தேன். அவரும் சந்தோசமாகத் திருகினார்.

ஒரு விசயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு, சொல்லிவிடுகிறேன். ட்ரைவ் நல்லது என்று கேள்விப்பட்டு எல்லா மோட்டருக்கும் வாங்கி மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது வீண்செலவு. மும்மடிக் கணக்கு புளோவருக்கும் தண்ணீர் பம்புக்கும்தான். எலிவேட்டருக்கும் ரோலருக்கும் பொலிஷருக்கும் அந்தக் கணக்கு ஓடாது. எப்போதும் முழு வேகத்தில் ஓட வேண்டிய மோட்டருக்கு முன்னால் ட்ரைவ் வைத்தால் அந்தப் பெட்டி தானே கொஞ்சம் கரண்டைத் தின்னும்.

பொலிஷர் பக்கம் போனால் இன்னொரு உண்மை கண்ணில் அடிக்கும். மில்லில் மிகப் பெரிய மோட்டர்களில் ஒன்று இங்கேதான். அரிசியை எவ்வளவுக்கு வெள்ளையாக்குகிறோமோ அவ்வளவுக்கு அம்பியர் ஏறும், அவ்வளவுக்குத் தவிடாகப் போகும், அவ்வளவுக்கு அரிசி குறையும். கடையில் நாம் கேட்கிற மினுமினுப்புக்கு மில்காரர் கரண்ட் கட்டுகிறார், நாம் சத்தை இழக்கிறோம். சிவப்புக் குத்தரிசி தின்று வளர்ந்த படுவான்கரையில் இதைச் சொல்லவே வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். கொஞ்சம் மங்கலான அரிசியைக் கேட்டு வாங்குங்கள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். மில் நின்றது. எல்லாரும் கைகழுவப் போனார்கள். அப்போதுதான் பாஸ் என்னைக் கூப்பிட்டு, “இப்ப கேளுங்கா,” என்றார். அமைதிக்குள் ஒரு மெல்லிய ஸ்ஸ்ஸ். பாம்போ என்று ஒரு கணம் பதறினேன்! கொம்பிரசர் குழாய். கலர் சோட்டர் நிறம் கெட்ட அரிசியைக் கண்டதும் ஒரு காற்றடியில் தட்டிவிடும். அந்தக் காற்றுக்குத்தான் கொம்பிரசர். இப்போது சோட்டர் நிற்கிறது, ஒரு அரிசிகூட ஓடவில்லை. ஆனால் கொம்பிரசர் கொஞ்ச நேரத்துக்கொரு தடவை தானாகத் தடதடவென்று கிளம்பி ஓடி நிற்கிறது. யாருக்காக? ஒழுக்குக்காக!

பாஸ் சவர்க்காரத் தண்ணீர்ப் போத்தலோடு வந்தார். குழாய் மூட்டுகளில் பீச்சிக்கொண்டே போனார். ஒரு மூட்டில் நுரை பொங்கியது. அடுத்ததில் இல்லை. அதற்கடுத்ததில் பெரிய பெரிய குமிழிகள்! நானும் ஒரு போத்தல் வாங்கிக்கொண்டேன். இருவரும் சுவரோரம் குந்திக் குந்தி நுரை தேடினோம். மூன்று மில்லிமீற்றர் ஓட்டை ஒன்று, வழக்கமான அழுத்தத்தில், மூன்று கிலோவாட் அளவு கரண்டை ஊதித் தள்ளிவிடும். ஓட்டையில் தண்ணீர் ஒழுகினால் நிலம் நனையும், எண்ணெய் ஒழுகினால் கறை தெரியும். காற்று ஒழுகினால் எதுவும் தெரியாது, அதனால் யாரும் கவலைப்படுவதில்லை. அடைக்கத் தேவை ஒரு கிளிப்பும் கொஞ்சம் டேப்பும்தான். அழுத்தத்தைத் தேவைக்கு மேல் ஏற்றி வைக்கும் பழக்கமும் இப்படித்தான். ஒரு பார் குறைத்தால் கொம்பிரசரின் கரண்டில் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு மிச்சமாகும். கொம்பிரசர் உறிஞ்சும் காற்று குளிர்ந்ததாக இருப்பதும் முக்கியம். பொயிலர் பக்கத்துச் சூட்டில் அதை வைக்கக் கூடாது, வெளிச்சுவருக்கு மாற்றியிருக்கிறார்கள்.

கரண்ட் பில்லையும் முதலாளி விரித்துக் காட்டினார். 2022 ஓகஸ்ட்டில் கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 வீதம். அதற்கு முன்பு 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டுகூட வந்தது, யாரும் மறந்திருக்கமாட்டார்கள். பிறகு ஏறியும் இறங்கியும் வந்து, 2025 ஜனவரியில் 20 வீதம் குறைந்து, ஜூனில் 15 வீதம் திரும்பவும் ஏறியது. இந்த ஏற்ற இறக்கம் நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பது பில்லில் தனியாக வரும் இரண்டு வரிகள்.

ஒன்று, நேரம். 42 கே.வி.ஏ.க்கு மேற்பட்ட தொழில் இணைப்புகளுக்கு நாள் மூன்றாகப் பிரிந்திருக்கிறது. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்ச நேரம். அப்போதுதான் யூனிட் விலை மிகக் கூட. நாடே விளக்கும் விசிறியும் தொலைக்காட்சியும் போடுகிற நேரம். அந்த மேலதிகத் தேவைக்கு விலை கூடிய எண்ணெய் எரிக்கும் நிலையங்களையும் ஓட்ட வேண்டியிருக்கும். இந்த மில் ஆறரைக்கு முன்பே நிற்கிறது. அவசரமென்றால் இரவு 10.30க்குப் பிறகு ட்ரையரை ஓட்டுவார்கள்.

மற்றது, கே.வி.ஏ. மாதத்தில் எந்தக் கால்மணி நேரத்தில் அதிகமாக இழுத்தீர்களோ அதற்கு ஒரு தனிக் கட்டணம். மோட்டர்கள் வேலைக்கு எடுக்கும் மின்சாரத்தோடு தம் காந்தத்துக்காகவும் கொஞ்சம் இழுத்துத் திருப்பி விடும். அது யூனிட்டில் வராது, கே.வி.ஏ.யில் வரும். 60 கிலோவாட் வேலைக்குப் பவர் பக்டர் 0.75 ஆனால் 80 கே.வி.ஏ. அதை 0.95க்கு உயர்த்தினால் 63 போதும்! உயர்த்துவதற்குப் பனலுக்குப் பக்கத்தில் ஒரு கப்பாசிட்டர் பெட்டி. அசைகிற பாகம் ஒன்றுகூட இல்லை. சும்மா நின்றபடியே மாதாமாதம் பில்லைக் குறைக்கிற பெட்டி அது!

இனி உமி. ஆயிரம் கிலோ நெல்லில் ஏறத்தாழ 200 கிலோ உமி. ஒரு கிலோ உமியில் 3,000 கிலோகலோரி அளவு சூடு. அவிக்கவும் காயவைக்கவும் நெல்லே தன் விறகைச் சுமந்துகொண்டு வருகிறது! ஆனால் பல மில்களில் அந்தச் சூட்டில் பெரும்பங்கு புகைக்கூண்டால் வானத்துக்குப் போகிறது. கையால் அள்ளி ஒரேயடியாகக் கொட்டினால் உமி மூடி, காற்று புகாமல், கரும்புகை வரும். இங்கே படிப்படியான தட்டி வைத்த அடுப்பு. மேலே ஹொப்பரிலிருந்து உமி கொஞ்சம் கொஞ்சமாகச் சரிகிறது, காற்று கீழிருந்து ஏறுகிறது. புகைக்கூண்டைப் பார்த்தேன், புகை கண்ணுக்குத் தெரியவே இல்லை! நீராவிக் குழாய்க்குச் சுற்றிப் பஞ்சுப் பட்டி கட்டித் தகடு போர்த்தியிருக்கிறார்கள். இரண்டு அங்குலக் குழாய் ஒரு மீற்றர் வெறுமையாகக் கிடந்தால் கால் கிலோவாட்டுக்கு மேல் சூடு காற்றில் போய்விடும். ஒரு பழைய மில்லுக்குள் இருபது மீற்றர் வெறுங்குழாயை எளிதில் காணலாம்.

உமி முறையாக எரிந்தால் மிஞ்சுவது வெண்சாம்பல், பெரும்பகுதி சிலிக்கா. சரியாக எரியாத கருஞ்சாம்பலை வாய்க்கால் ஓரம் கொட்டினால் அது எங்கே போகும்? வாவிக்குத்தான். மட்டக்களப்பு வாவி 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. படுவான்கரையின் வாய்க்கால்கள் அதில்தான் போய்ச் சேர்கின்றன. ஊறப்போடும் தண்ணீரும் அப்படியே. ஆயிரம் கிலோ நெல் ஊற ஆயிரம் லீட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். பச்சைத் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறினால் நெல் புளித்து, நாற்றம் ஊரைத் தூக்கும். அந்தத் தண்ணீர் அப்படியே ஓடிப் போனால் கண்டலுக்குள் குஞ்சாக வளரும் றாலும் மீனும் மூச்சுத் திணறும். 65, 70 பாகைச் சுடுதண்ணீரில் ஊறவைத்தால் சில மணி நேரம் போதும், புளிப்பு இல்லை, நாற்றம் இல்லை. வெளியே விடுமுன் குட்டையில் தேக்கித் தெளியவைக்கும் வேலை அப்போதும் உண்டு, ஆனால் எவ்வளவோ இலகு.

கூரையைப் பற்றிக் கேட்காமல் விடுவீர்களா! 2016இல் சூரியபல சங்கிராமம் என்ற அரசின் கூரைச் சூரிய மின் திட்டம் தொடங்கியதிலிருந்து நாடெங்கும் கூரைகளில் பனல் ஏறியது. பகலில் ஓடும் மில்லுக்குப் பகலில் விளையும் கரண்ட் கச்சிதமான சோடி. வெயில் உச்சியில் நிற்கும்போதே மோட்டர்களும் உச்சத்தில் ஓடுகின்றன. நாட்டுக்கும் அது நல்லது. எப்படியென்றால், 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிறு, பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததில் இலங்கை முழுக்க இருண்டது நினைவிருக்கிறதா? ஞாயிறு பகலில் தொழிற்சாலைகள் மூடியிருக்கும், கூரைக் கரண்டோ நிறைந்து வழியும். அந்த நேரம் வலையமைப்பு மிக இலகுவாகத் தடுமாறும். அதே வருடம் ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் கூரைப் பனல்களைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே கேட்டுக்கொண்டது. விளைகிற கரண்டை விளைகிற இடத்திலேயே, விளைகிற நேரத்திலேயே செலவழிக்கிற மில் அந்தத் தலையிடியைக் கூட்டாது.

ஆனால் வரிசை முக்கியம்! முதலில் ஒழுக்கை அடையுங்கள், மோட்டரை மாற்றுங்கள், பிறகு கூரைக்கு ஏறுங்கள். வீணாகும் கரண்டுக்கும் சேர்த்துப் பனல் வாங்குகிறவர் வீண்விரயத்துக்கு வங்கிக் கடன் எடுக்கிறார். இந்த முதலாளி வரிசையைச் சரியாகப் பிடித்திருக்கிறார். கூரை இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது, கப்பாசிட்டர் பெட்டியும் ட்ரைவும் முதலில் வந்துவிட்டன.

மில் இல்லாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. வவுணதீவுச் சந்திக் கடையில் நிற்கும் குளிர்பானப் பெட்டியின் பின்னாலுள்ள கம்பி வலையில் தூசி அடைத்திருக்கிறதா பாருங்கள். தூரிகையால் தட்டினாலே கொம்பிரசர் ஓடும் நேரம் குறையும். கதவுறப்பருக்கு நடுவில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். வழுக்கி வந்தால் குளிரும் வழுக்கிப் போகிறது. சாப்பாட்டுக் கடையின் 75 வாட் பழைய விசிறிக்குப் பதில் 30 வாட்டுக்கும் குறைவாக எடுக்கும் பி.எல்.டி.சி. விசிறி வந்துவிட்டது. நாள் முழுக்கச் சுற்றும் இடத்தில் அதை மாட்டுங்கள்; எப்போதாவது சுற்றும் அறையில் அவசரமில்லை.

மட்டக்களப்பு நெல் லொறி லொறியாகப் பொலன்னறுவைக்குப் போய், அங்கே அரிசியாகி, திரும்பவும் லொறியில் நம் கடைக்கு வருகிறது என்பது இங்குள்ளவர்களின் பழைய ஆதங்கம். அங்கே பெரிய மில்கள், பெரிய யந்திரங்கள், கிலோவுக்குக் குறைந்த செலவு. இந்தப் பக்கத்துச் சின்ன மில்கள் தாக்குப்பிடிக்க வேண்டுமானால் கிலோவுக்கு ஆகும் யூனிட் இறங்கியே ஆக வேண்டும். அது இறங்கினால் நெல் இங்கேயே அரிசியாகும், வேலை இங்கேயே இருக்கும், லொறி போய்வரும் டீசலும் மிச்சம். அதனால்தான் ஒரு கப்பாசிட்டர் பெட்டியைக் கண்டு நான் இப்படித் துள்ளுகிறேன்!

நான் கிளம்புகிற நேரம் பாஸும் முதலாளியும் சீமெந்துத் தரையில் சோக்கால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். புகைக்கூண்டின் அடியில், அதைச் சுற்றித் தண்ணீர் ஓடும் ஒரு சட்டை. வெளியே போகும் புகையின் சூட்டில் ஊறல் தண்ணீரைச் சூடாக்கிவிட்டால் பொயிலரிலிருந்து அதற்குத் தனியாக நீராவி எடுக்கத் தேவையில்லை. சூடு மிகவும் இறங்கிவிட்டால் கூண்டுக்குள் ஈரம் படிந்து தகடு அரிக்கும் என்கிறார் பாஸ். அரிக்காத தகடு போடுவோம் என்கிறார் முதலாளி. விலையை யார் கேட்கிறது என்று வாக்குவாதம். கடைசியில் முதலாளி போனை எடுத்தார். அளவெடுக்க வெல்டிங் பாஸ் செவ்வாய்க்கிழமை வருகிறாராம்!